காய்ச்சல் எல்லாம் கிருமியால் வருவதல்ல

மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் காண்கிறது. வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி, "கிருமி தொற்றிவிட்டதா?" என்பதே. 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ உடனே எங்களால் சொல்ல இயலாதபோது அவர்கள் மேலும் கலங்குகிறார்கள். அந்தத் தயக்கத்திற்கான காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறோம்.

உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மையம் மூளையிலேயே உள்ளது. கசிந்த இரத்தம், குறிப்பாக மூளையின் உள்ளறைகளில் புகுந்த இரத்தம், கிருமி எதுவுமின்றியே காய்ச்சலை உண்டாக்கக்கூடும். அதேவேளை, விழுங்கும் திறன் குறைந்தவரின் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். சிறுநீர்க் குழாய் வழியாகவும் தொற்று ஏற்படலாம். நோயாளியோ நினைவு மங்கிக் கிடக்கிறார். எங்கே வலிக்கிறது என்று சொல்லும் நிலையில் இல்லை. ஆகவே, இரத்தப் பரிசோதனையின் துணையை நாடுகிறோம்.

வெள்ளணுக்களின் எண்ணிக்கை கசிவின் அதிர்ச்சியிலேயே உயர்ந்துவிடும் என்பதால், அதை மட்டும் நம்ப முடியாது. 1930ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சி.ஆர்.பி. என்னும் புரதம் கல்லீரலில் உருவாகிறது. திசு எங்கே சிதைந்தாலும் அது கூடும். எனவே ஒருநாள் அளவைவிட அதன் போக்கே எங்களுக்கு முக்கியம்: இறங்கிவந்த அளவு மீண்டும் ஏறினால் ஐயம் வலுக்கிறது.

புரோகால்சிட்டோனின் இன்னும் சற்றுத் தெளிவாகப் பேசும். இயல்பாகத் தைராய்டில் மிகச் சிறிதளவே உருவாகும் இப்பொருளைப் பாக்டீரியா தொற்றின்போது உடலின் பல திசுக்களும் சுரக்கின்றன. சில மணி நேரத்திலேயே அளவு உயர்கிறது. மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தாண்டினால் தொற்றைத் தீவிரமாகத் தேடுகிறோம். ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் பெரிய அறுவைக்குப் பின்னரும் இது தானே உயரலாம். மூளையில் பொருத்திய வடிகுழாயில் மட்டும் தொற்று இருந்தால் உயராமலும் போகலாம். அப்போது மூளைத் தண்டுவட நீரைத்தான் சோதிக்க வேண்டும்.

"எதற்கும் ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. தேவையற்ற மருந்து கடும் வயிற்றுப்போக்கைத் தரலாம். பின்னர் உண்மையான தொற்று வரும்போது மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்த்துவிடும். ஆயினும் இரத்த அழுத்தம் சரிந்தாலோ மூச்சுத் திணறினாலோ, கல்ச்சர் முடிவு வரும்வரை இரண்டு மூன்று நாள் காத்திருப்பதில்லை; மாதிரிகளை எடுத்துக்கொண்டு உடனே மருந்தைத் தொடங்கிவிடுகிறோம். முடிவுகள் தொற்றில்லை என்று காட்டினால் நிறுத்தவும் தயங்குவதில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நோயாளிக்கு முன்பே சிறுநீரகக் கோளாறு இருந்ததா, அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டாரா, எந்த மருந்தாவது ஒவ்வாதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். விழுங்கும் திறனைச் சோதித்து நாங்கள் அனுமதிக்கும்வரை வாய்வழியே எதுவும் கொடுக்காதீர்கள், அவர் ஆசையாகக் கேட்டாலும் ஒரு வாய் காபிகூட.