நிழற்படக் கருவி எவ்வளவு அகலம் காணும்?

வீட்டுச் சன்னலை ஒட்டி நின்று வெளியே நோக்கினால் தெருவின் இரு கோடியும் நம் கண்ணிற்படும். பத்தடி பின்னால் நகர்ந்து நோக்கினாலோ எதிர்வீட்டு வாயில் மட்டுமே தெரியும். சன்னல் மாறவில்லை, நாம் நிற்கும் தொலைவே மாறிற்று. இனி, நின்ற இடத்தை விட்டு அசையாமல் சன்னற்கதவுகளுள் ஒன்றைச் சாத்துவோமாயின், காட்சி மேலும் குறுகும். நிழற்படக் கருவியின் காட்சிக் கோணத்தை அறிய இவ்விரண்டு செய்திகளே போதும்.

கருவியினுள் சன்னலாக அமைவது ஒளியுணரி. முன்னாளில் அவ்விடத்தில் படச்சுருள் இருந்தது. கண்ணுக்கும் சன்னலுக்கும் இடைப்பட்ட தொலைவைப் போன்றது வில்லையின் குவியத் தூரம். உருப்பெருக்குக் கண்ணாடியை வெயிலிற் பிடித்துத் தாளைக் கருக்கிப் பார்க்காத சிறுவர் எவர்? (பெரியோர் உடனிருக்கும்போது மட்டுமே அதைச் செய்க!) ஒளி ஒரு புள்ளியாகக் குவியும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையேயுள்ள தொலைவே அதன் குவியத் தூரமாகும்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கார் பர்னாக் என்பார், திரைப்படத்திற்கென ஆக்கப்பட்ட 35 மில்லிமீட்டர் சுருளைச் சிறு நிழற்படக் கருவியில் பயன்படுத்தினார். திரைப்படச் சட்டத்தின் அளவை இரட்டித்து, 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சட்டத்தை அமைத்தார். 1925ஆம் ஆண்டில் லைக்கா என்னும் பெயரால் வெளிவந்த அக்கருவியில் 50 மில்லிமீட்டர் வில்லை இருந்தது. அந்தச் சட்டமே இன்றும் ஒப்பிடுவதற்குரிய அளவாக விளங்குகின்றது.

கணக்கு எளிது. சட்டத்தின் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுத்து, வரும் எண்ணை எதிரிலுள்ள பொருளின் தொலைவால் பெருக்குக. 36ஐ 50ஆல் வகுத்தால் 0.72. ஆகவே, 10 மீட்டர் தொலைவில் 7.2 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும்.

1999இல் நிக்கான் நிறுவனம் டி1 என்னும் மின்னியல் கருவியை வெளியிட்டது. பெரிய ஒளியுணரி செய்ய மிகுந்த பொருட்செலவு ஆன காலம் அது. ஆதலின் அதன் ஒளியுணரி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் அகலமே கொண்டிருந்தது. பழைய 50 மில்லிமீட்டர் வில்லையை அதிற் பொருத்தினால், அதே 10 மீட்டர் தொலைவில் 4.8 மீட்டர் அகலமே அடங்கும். “50 வில்லை 75 ஆகிவிட்டது” என்று சிலர் கூறுவர். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. வில்லை முன்போலவே உருவத்தை வீழ்த்துகிறது. அதன் நடுப்பகுதியை மட்டுமே சிறிய ஒளியுணரி ஏற்கிறது. சாத்தப்பட்டது சன்னற்கதவுதான்.

இதனை வகுப்புப் படத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு 40 சென்டிமீட்டர் என, 12 பிள்ளைகள் நிற்கும் வரிசை 4.8 மீட்டர் அகலம் கொள்ளும். 50 மில்லிமீட்டர் வில்லையோடு, பெரிய ஒளியுணரியாயின் ஏறக்குறைய 6.7 மீட்டர் பின்னே நின்றாற் போதும். சிறியதாயின் 10 மீட்டர் செல்ல வேண்டும். பள்ளி முன்றிலில் அத்துணை இடம் இல்லையேல் இரு கோடியிலும் நிற்கும் பிள்ளைகள் விடுபட்டுப் போவர். ஆண்டு மலரில் தம் முகத்தைத் தேடும் பிள்ளைக்கும், வேலை முடிந்து வந்து அதனைக் காணக் காத்திருக்கும் பெற்றோர்க்கும் அது சிறிய செய்தியன்று.

18 மில்லிமீட்டர் வில்லையை இட்டால் 3.6 மீட்டரிலேயே வரிசை அடங்கிவிடும். எனினும் அதற்கு ஒரு விலை உண்டு. அருகிருந்து எடுப்பதால் முன்வரிசையினர் பெரிதாகவும் பின்வரிசையினர் சிறிதாகவும் தோன்றுவர்; ஓரத்தில் நிற்போரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகன்றுவிடும். இடம் இருக்குமாயின் பின்னே சென்று நீண்ட வில்லையால் எடுப்பதே நன்று.

கருவி இல்லாதோரும் இதனைச் சோதிக்கலாம். மணிலா அட்டையில் 9 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள துளை வெட்டுக. ஒரு கண்ணை மூடி, அட்டையை மற்றக் கண்ணிலிருந்து 12.5 சென்டிமீட்டர் தொலைவிற் பிடித்தால், பர்னாக்கின் கருவி கண்ட காட்சி தெரியும். அதே தொலைவில் 6க்கு 4 துளையைப் பிடித்தால் சிறிய ஒளியுணரியின் காட்சி கிட்டும்.

கைப்பேசிகள் பலவற்றின் முதன்மை வில்லையை “26 மில்லிமீட்டர்” என்று குறிப்பிடுவர். மெய்யாகவே அவ்வில்லையின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர்களே. அதன் ஒளியுணரியும் மிகச் சிறியது. சிறு சன்னலாயினும் கண்ணை அதனோடு ஒட்டி வைத்தாற்போல அகன்ற காட்சி கிடைக்கிறது. 26 என்பது பர்னாக்கின் சட்டத்தோடு ஒப்பிட்டுச் சொன்ன எண். 9க்கு 6 துளையைக் கண்ணுக்கு 6.5 சென்டிமீட்டர் அருகிற் கொணர்ந்தால், கைப்பேசி காணும் அகலம் ஏறத்தாழத் தெரியும்.