டிப்ஸ் எவ்வளவு வைக்கலாம்? பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ இருந்தால் மறுபடியும் கொடுக்கணுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். நண்பர்கள் நான்கு பேர் பிரியாணி சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள். சின்ன ஃபோல்டரில் பில் வருகிறது, கூடவே கொஞ்சம் சோம்பும் கற்கண்டும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து 1,386 ரூபாய் அனுப்பியாகிவிட்டது. இவ்வளவு நேரம் “இன்னும் கொஞ்சம் தால்சா வைக்கட்டுமா சார்?” என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறிய சர்வர் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார். உங்கள் பாக்கெட்டில் ஒரு பத்து ரூபாய் நோட்டுகூட இல்லை. ‘பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்காங்களே, அது போதும்’ என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள்.

அது நிஜமாகவே அவருக்குப் போதுமா? அவருக்குத்தான் போகிறதா? டிப்ஸ் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டிப்ஸ் வேறு, சர்வீஸ் சார்ஜ் வேறு

டிப்ஸ் என்பது சாப்பிட்டு முடித்த பிறகு, உங்கள் திருப்திக்கு நீங்களாகக் கொடுப்பது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். எவ்வளவு என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

சர்வீஸ் சார்ஜ் என்பது ரெஸ்டாரண்ட் தானாகவே பில்லில் சேர்ப்பது. வழக்கமாக 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். இது அரசாங்க வரி இல்லை. ஜிஎஸ்டிக்கு மேலேயோ கீழேயோ அதே எழுத்தில் அச்சாகியிருப்பதால், பலர் இதையும் வரி என்றே நினைத்துக் கட்டிவிடுகிறார்கள்.

அந்த 1,386 ரூபாய் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். சாப்பாட்டுக்கு 1,200 ரூபாய். 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 120 ரூபாய். இரண்டையும் கூட்டி 1,320 ரூபாய்க்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 66 ரூபாய். மொத்தம் 1,386.

சர்வீஸ் சார்ஜ் இல்லையென்றால் ஜிஎஸ்டி 60 ரூபாய்தான், பில் 1,260 ரூபாயோடு முடிந்திருக்கும். நீங்கள் கூடுதலாகக் கட்டியது 126 ரூபாய். அதில் 6 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் மேலேயே விழுந்த வரி!

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்:

• பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது.
• வேறு பெயரை வைத்தும் அதை வசூலிக்கக் கூடாது.
• கட்டச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாது. அது விருப்பத்தின் பேரில்தான் என்று வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.
• கட்ட மாட்டேன் என்பவரை உள்ளே விட மறுக்கவோ, சேவையைக் குறைக்கவோ கூடாது.
• சாப்பாட்டு பில்லோடு அதைக் கூட்டி, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது.

ரெஸ்டாரண்ட் உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே மாதம் இடைக்காலத் தடையும் வாங்கின. ஆனால் 2025 மார்ச் 28 அன்று வந்த தீர்ப்பில் நீதிபதி பிரதிபா எம். சிங், இந்த நெறிமுறைகள் செல்லும் என்று சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்தார். சங்கங்களுக்கு தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். வாடிக்கையாளர் தானாக முன்வந்து டிப்ஸ் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. இதை எதிர்த்து சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன.

பில்லில் இருந்தால் என்ன செய்வது?

சண்டை போட வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால், “இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில் போட்டுக் கொடுங்க” என்று மேனேஜரிடம் கேளுங்கள். சர்வரிடம் கோபப்படுவதில் அர்த்தமில்லை. பில் போடும் சாஃப்ட்வேரில் அந்த வரியைச் சேர்த்தது அவர் இல்லை.

மறுத்தால், பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆட்சியரிடமும், நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும்கூட புகார் கொடுக்க வழி இருக்கிறது.

எடுக்கச் சொல்ல மனசில்லை, கட்டிவிடுகிறீர்கள் என்றால் அதுவும் உங்கள் விருப்பம்தான். ஆனால் “இது உங்களுக்கு வருதாண்ணா?” என்று சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்வீஸ் சார்ஜ் முதலில் போவது கடையின் கணக்குக்கு. அங்கிருந்து அவர் கைக்கு எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது முதலாளி கையில். நீங்கள் ‘கொடுத்துவிட்டேன்’ என்று நினைக்கிற பணம், அவரைப் பொறுத்தவரை வராத பணமாகக்கூட இருக்கலாம்.

டிப்ஸ் யாருடைய பணம்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாடிக்கையாளர்கள் கார்டில் கொடுத்த டிப்ஸை ஹோட்டல்கள் வாங்கி ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. ‘அதுவும் சம்பளம்தான், டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும்’ என்றது வருமான வரித் துறை. ஐடிசி நிறுவனம் தொடர்பான அந்த வழக்கில் 2016 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. டிப்ஸ் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, முதலாளியிடமிருந்து இல்லை. அதனால் அது சம்பளம் ஆகாது என்றது நீதிமன்றம். ஹோட்டல் அந்தப் பணத்தை ஊழியருக்காகக் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, டிப்ஸ் என்பது உங்களுக்கும் பரிமாறியவருக்கும் இடையிலான கணக்கு. கடைக்கு அதில் பங்கு இல்லை.

அப்போ எவ்வளவுதான் வைக்கிறது?

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. நம்ம ஊர் நடைமுறையை வைத்து ஒரு தோராயக் கணக்கு சொல்லலாம்.

*டோக்கன் வாங்கி நாமே எடுத்துச் சாப்பிடும் இடம்:* டிப்ஸ் தேவையில்லை. தட்டு எடுத்து மேஜை துடைப்பவருக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் தப்பே இல்லை.

*டிபன் கடை, இலை போட்டு சாப்பாடு போடும் மெஸ்:* இங்கே சதவீதக் கணக்கு சரிப்படாது. 10 முதல் 20 ரூபாய், குடும்பத்தோடு போனால் 30 முதல் 50 ரூபாய் வரை வைக்கலாம்.

*ஏசி ஃபேமிலி ரெஸ்டாரண்ட்:* 5 முதல் 10 சதவீதம். 1,200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 60 முதல் 120 ரூபாய்.

*பெரிய ஹோட்டல், ஃபைன் டைனிங்:* 10 சதவீதம். பில் பல ஆயிரங்களைத் தாண்டினால் கணக்குப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

*ஆபீஸ் டீம் லஞ்ச், பர்த்டே ட்ரீட்:* பத்துப் பதினைந்து பேருக்கு ஓடி ஓடிப் பரிமாறியவருக்கு ஆளுக்கு 20, 30 ரூபாய் போட்டாலே நல்ல தொகை சேர்ந்துவிடும். பில்லை ஆப்பில் பிரிக்கும்போதே டிப்ஸையும் சேர்த்துப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் ‘வேற யாராவது வச்சிருப்பாங்க’ என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

எல்லாக் கணக்கையும் ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகைக்குப் போட்டால் போதும். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே கட்டியிருந்தால், மேற்கொண்டு டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சாப்பாடு லேட்டாக வந்தது, உப்பு கூடிப்போனது என்றால்? அது கிச்சன் பிரச்சினை. அதற்காகப் பரிமாறியவரின் டிப்ஸைக் குறைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்கலாம். அவர் நடத்தையே சரியில்லை என்றால் கொடுக்காமல் வருவது உங்கள் உரிமை.

20 சதவீதக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

ரீல்ஸில் பார்த்துவிட்டு ‘பதினைந்து, இருபது சதவீதம் கொடுக்கணுமாமே’ என்று குழம்ப வேண்டாம். அது அமெரிக்கக் கதை. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் சேர வேண்டும் என்பது கணக்கு. சேராவிட்டால் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும். இந்த 2.13 டாலர் 1991 முதல் மாறவே இல்லை. சில மாநிலங்களில் இதைவிட அதிகம். அதனால்தான் அங்கே டிப்ஸ் ஏறக்குறைய கட்டாயம் போல ஆகிவிட்டது.

ஜப்பானில் நேர் எதிர். அங்கே டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லை. மேஜையில் பணத்தை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுத்துவிடக்கூடும்.

நம் நாட்டில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பளம் முதலாளியின் பொறுப்பு. டிப்ஸ் அதற்கு மேலே வருவது.

கேஷ் இல்லாதவர்கள் என்ன செய்வது?

முன்பெல்லாம் 185 ரூபாய் பில்லுக்கு இருநூறு ரூபாய் நோட்டைக் கொடுப்போம். மீதி 15 ரூபாய் தட்டில் வரும். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவோம். கணக்கும் இல்லை, கூச்சமும் இல்லை. யுபிஐயில் 185 ரூபாய் என்றால் 185தான் போகிறது. தட்டில் மீதி என்று ஒன்று வருவதே இல்லை. நாம் கஞ்சர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் அந்த 15 ரூபாய் அவரிடம் போகாமல் நின்றுவிட்டது.

வழி இருக்கிறது. கடையின் கியூஆரில் கூடுதலாகப் போட்டால் அது ஓனர் கணக்குக்குத்தான் போகும். அதனால், “அண்ணா, உங்க ஜிபே நம்பர் சொல்லுங்க” என்று நேரடியாகக் கேட்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் நம்பர் கொடுக்க எல்லோருக்கும் விருப்பம் இருக்காது, குறிப்பாகப் பெண் ஊழியர்களுக்கு. தயங்கினால் விட்டுவிடுங்கள். சில இடங்களில் மேனேஜர் அனுமதிக்காமலும் இருக்கலாம்.

இதைவிட எளிது, போன் கவருக்குப் பின்னால் இரண்டு மூன்று இருபது ரூபாய் நோட்டுகளை மடித்து வைத்துக்கொள்வது. அடுத்த தடவை பில் வரும்போது முதலில் சர்வீஸ் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலோ, எடுத்துக் கொடுத்துவிட்டாலோ, கவரைக் கழற்றி நோட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இலை எடுக்கும் அக்கா பக்கத்தில் இருந்தால் அவருக்கும் ஒன்று.