எலும்பு இறுகும் வரை



உயரம் கூட்டிக் கொள்ள இஸ்தான்பூல் வரை சென்று, நலமாயுள்ள காலை அறுத்துக் கொள்வோர் இன்று இருக்கின்றனர். அது ஆகுமா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். நாம் சொல்ல வருவது அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றி.

சோவியத் மருத்துவர் இலிசரோவ் 1950களில், முறிந்து கூடாத எலும்புகளுக்காகக் கண்ட முறை இது. அறுத்த முனைகளை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் விலக்கினால் இடையில் புது எலும்பு வளரும். 5 சென்டிமீட்டருக்கு விலக்கவே 50 நாட்கள். அது இறுகுவதற்கு மேலும் பல மாதங்கள். தசையோ அவ்வேகத்திற்கு ஈடுகொடுப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே நீட்டியவருக்குக் குதிகால் தரையில் படாமல் மேலேறிவிடக்கூடும். வலியோடு அன்றாடம் செய்யும் பயிற்சியே அதற்குத் தடுப்பு. ஸுஜூது செய்ய இயலாத அந்நாட்களில் அமர்ந்து சைகையால் தொழ மார்க்கத்தில் இடமுண்டு.

ஊர் திரும்பியபின் அறுத்த மருத்துவர் அருகில் இருக்கமாட்டார். எக்ஸ்ரே பார்த்து, 'இனிக் காலூன்றலாம்' என்று கூறப்போகிறவர் யார் என்பதை விமானச் சீட்டு எடுக்குமுன்பே முடிவு செய்யுங்கள்.

பெற்றோர்களே! மகன் உங்களிடம் மறைத்துச் சென்று வந்திருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்திருக்கக்கூடும். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.