படகுக்கும் ஒரு மதகு உண்டு



விதை, உரம் பற்றிப் பேச வேண்டியவர் படகைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் தண்ணீரில் நின்றது. இரண்டு தடவையும் மீனவர்களின் பைபர் படகுகள் சென்னைத் தெருக்களுக்குள் வந்தன. ஏரிக்கரை ஊரில் சவாரிக்கென்று வாங்கிய சின்ன மோட்டார் படகு ஒன்று இருந்தாலும் அந்த நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் ஆளை ஏற்றுமுன் அதில் ஒரு சின்ன சாமானைப் பார்த்தாக வேண்டும்.

படகின் பின்பலகையில், மோட்டார் மாட்டும் இடத்துக்குக் கீழே, அடிமட்டத்தை ஒட்டி விரல் நுழைகிற துவாரம் ஒன்று இருக்கும். படகுக்குள் சேர்ந்த தண்ணீர் கரையேறியதும் வழிந்து போவதற்கு அது. அதன் மூடிக்கு டிரெயின் பிளக் என்று பெயர். ஏரிக்கு மதகு போல என்று வையுங்கள். ஆனால் மதகைத் திறந்தால் தண்ணீர் வெளியே போகும். மிதக்கிற படகில் இதைத் திறந்தால் உள்ளே வரும்.

விரல் அளவு ஓட்டைதானே, என்ன பெரிசு என்று கேட்கலாம். ஏரி நிறைய நிறைய மதகில் தண்ணீர் வேகமாய்ப் பாய்வதைக் கழனிக்காரர் அறிவீர்கள். இங்கேயும் அதே கணக்குதான். ஓர் அங்குல ஓட்டை நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இருந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். பத்து நிமிஷத்தில் எட்டு சிமெண்ட் மூட்டை கனம்! அதுவும் மூட்டை போல் ஓரிடத்தில் கிடக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். அதனால்தான் படகு கவிழ்கிறது.

ஆகவே கரையில் இருக்கும்போது பிளக் கழற்றியே இருக்கட்டும்; தண்ணீரில் இறக்குமுன் மாட்டியாக வேண்டும். கழற்றாமல் விட்டால் என்ன? ஐந்து சதுர மீட்டர் பரப்புள்ள திறந்த படகில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் தேங்கும். அந்தக் கனத்தை வண்டியும் தாங்காது, படகின் அடியும் தாங்காது. முன்பக்கத்தைச் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். வேப்பஞ்சருகு ஓட்டையை அடைத்துக்கொள்ளும், குச்சியால் குத்தி விடுங்கள்.

பிளக்கில் மரை உள்ளதும் உண்டு, நெம்பை மடக்கினால் ரப்பர் பருத்து இறுகுவதும் உண்டு. மரை உள்ளதைக் கையாலேயே திருகத் தொடங்குங்கள். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாய் ஏறுகிறது என்று அர்த்தம். ஸ்பானரை எடுக்காமல் கழற்றி மறுபடி வையுங்கள். வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் வகை, நெம்பை மடக்கும்போது கைக்குக் கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும். லொடலொடவென்று மடங்கினால் நடுத்தண்ணீரில் கழன்றுவிடும். படகின் அமைப்பு இடம் கொடுத்தால் அதை உள்பக்கமிருந்தே மாட்டுங்கள். வெளியே மாட்டினால் ஆகாயத்தாமரைத் தண்டு சிக்கி இழுக்கும், மிதக்கும்போது கையும் எட்டாது.

மறதிக்கு ஒரு வழி உண்டு. கழற்றிய பிளக்கை நைலான் கயிற்றில் கோத்து, மோட்டார் கிளப்பும் கைப்பிடியிலேயே கட்டி வையுங்கள். அதைத் தொடாமல் யாரும் மோட்டாரைக் கிளப்ப முடியாது. இன்னொரு பிளக் வாளியோடு படகிலேயே இருக்கட்டும்.

இறக்கியவுடன் கட்டை அவிழ்க்காமல் இரண்டு நிமிஷம் பின்பக்கம் பாருங்கள். போகிற வழியில் தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தணித்து, ஏறியவர்களில் ஓரிருவரை மெதுவாக முன்னால் நகரச் சொல்லுங்கள். பின்பக்கம் கொஞ்சம் எழும்பும், வரத்து குறையும். கையால் துழாவி மாற்றுப் பிளக்கைச் செருகிக் கரைக்குத் திரும்புங்கள். ஓடும்போது பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் தானே வெளியேறும் என்று சிலர் சொல்வார்கள். வேகம் குறைந்த கணமே அது திரும்பி உள்ளே பாயும். ஆளை ஏற்றிக்கொண்டு அந்த வித்தை வேண்டாம்.

இன்னொன்று. பிளக் போட்டபடி கரையில் விட்ட படகில் நிற்பது நல்ல தண்ணீர். டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம் அது. முட்டை பொரித்து கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.