ஏலத்துக்கு ஒரு திரை... எனக்கு ஒரு திரை!

குட்டீஸ்... 'ஏலம்' என்றால் என்ன? பாயசத்தில் மணக்குமே, அந்தக் காய்க்கும் ஏலம் என்று பெயர். போட்டி போட்டு விலை கேட்பதற்கும் ஏலம் என்று பெயர். இந்த இரண்டு ஏலமும் சந்திக்கும் ஊர், தேனி மாவட்டத்திலுள்ள எங்கள் போடிநாயக்கனூர்!

மலையில் விளையும் ஏலக்காய் இங்கே ஏலத்துக்கு வரும். முன்பெல்லாம் வாயால் கூவித்தான் விலை கேட்பர். 2007ல் நறுமணப் பொருட்கள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்தது. வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். 2021ல் போடியையும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடியையும் இணைத்து, ஒரே நேரத்தில் ஏலம் நடத்தும் முறையும் வந்தது.

விவசாயியின் ஒரு வருட உழைப்புக்கு விலை வைக்கும் இடம் அல்லவா? அதனால், கேட்ட விலை எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஆனால், ஒருவர் அடுத்து எவ்வளவு கேட்கப் போகிறார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது!

அங்கே இருப்பவை பல கணினிகள். ஒரே கணினியில் இரண்டு மானிட்டர்களை மாட்டியும், 'எல்லாருக்கும் ஒன்று, எனக்கு ஒன்று' என்று பிரிக்கலாம். 1987ல் வந்த 'மேக்கின்டோஷ் 2' கணினியிலேயே இந்த வசதி உண்டு. 1998ல் 'விண்டோஸ் 98' இதைத் தந்தது.

எப்படிச் செய்வது?

* கணினியை அணைத்துவிட்டு, பின்பக்கம் பாருங்கள். நீல நிறத்தில் 15 துளைகள் இருந்தால் அது விஜிஏ. தட்டையாக, சிறியதாக இருந்தால் எச்டிஎம்ஐ. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், இரண்டு ஒயர்களையும் அதிலேயே மாட்டுங்கள்.

* கணினியைப் போட்டு, கீ போர்டில் விண்டோஸ் படம் உள்ள பட்டனோடு 'பி' எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். 'டூப்ளிகேட்' என்றால் இரண்டு திரையிலும் ஒரே காட்சி. 'எக்ஸ்டெண்ட்' என்றால், இரண்டும் சேர்ந்து ஒரு நீளமான மேஜை மாதிரி. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வேலை செய்யலாம்.

* 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பகுதியில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். மேஜையில் எந்த மானிட்டர் இடப் பக்கம் உள்ளதோ, அதன் கட்டத்தையும் இடப் பக்கம் நகர்த்துங்கள். மாறி இருந்தால், மவுஸ் அம்பு எதிர்ப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். போடிக்கு மேற்கே உள்ள மலையை, மேப்பில் கிழக்கே வரைந்தால் எப்படிப் போய்ச் சேருவது?

புரொஜெக்டரும் இரண்டாவது திரைதான். ஓய்வு பெற்ற பின், ஒரு பள்ளியில் வினாடி - வினா நடத்தினேன். 'எக்ஸ்டெண்ட்' போடுவதற்குப் பதில், 'டூப்ளிகேட்' போட்டுவிட்டேன். நான் எனக்கென்று வைத்திருந்த விடைகள் அத்தனையும் சுவரில் பளிச்! எல்லாரும் சத்தமில்லாமல் எழுதிக் கொண்டிருந்தனர். ஒரு பையன் மட்டும் எழுந்து, 'சார்... விடை தெரியுது' என்றான். போட்டியைப் புதுக் கேள்விகளோடு மறுபடி நடத்தினேன். அவன் ஜெயிக்கவில்லை. ஆனால், என் சட்டைப் பையில் இருந்த பேனா அவனுக்குத்தான் போனது.

எதை ஊருக்குக் காட்டுவது, எதை நம்மோடு வைத்துக்கொள்வது... இதை முடிவு செய்துவிட்டு, அப்புறம் பட்டனை அழுத்துங்கள். சரியா குட்டீஸ்!