பிரேக் மிதி மெல்ல உள்ளே இறங்குதா? மாஸ்டர் சிலிண்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பிரேக்கை மிதித்தால் முதலில் பிடிக்கிறது. காலை எடுக்காமல் வைத்திருந்தால் மிதி மெல்ல மெல்ல உள்ளே போகிறது. நாலு சக்கரத்தையும் பார்த்தாச்சு, எங்கேயும் ஆயில் ஒழுகலை. அப்படியென்றால் பெரும்பாலும் பழுது மாஸ்டர் சிலிண்டரில்தான்.

கால் கொடுக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம் இது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால் ஆயில் முன்னால் போகாமல் பின்னால் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, பிரேக் மட்டும் பிடிக்காது.

தூத்துக்குடி பக்கம் ஓடும் வண்டிகளுக்குக் கூடுதல் தொல்லை உண்டு. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே ஈரம் சிலிண்டரின் உள்சுவரையும் அரிக்கும். வெளியே உப்புக் காற்று பைப் நட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும். உப்பும் மீனும் ஏற்றும் 'குட்டி யானை' வண்டிகளில் இதைச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் வீரசக்கதேவி ஆலயத் திருவிழாவுக்குப் பாஞ்சாலங்குறிச்சி கிளம்பும் பழைய வேன், கார் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே ஒருமுறை மிதியைச் சோதித்துவிடுவது நல்லது. துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளின் கதை வேறு. அவற்றில் இருப்பது காற்று பிரேக், இந்த முறை பொருந்தாது.

கழற்றும்போது கவனம்

துரு நீக்கும் ஸ்பிரேயை முந்தைய நாள் இரவே பைப் நட்டுகளில் அடித்து வையுங்கள். சாதா ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் சரி. டப்பாவில் உள்ள ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சென்சார் வயர், பைப்புகள், பூஸ்டரோடு பிணைக்கும் நட்டுகள் என வரிசையாகக் கழற்றலாம். பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

வாஷர் கிட் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். உள்சுவரில் கீறலோ துருவோ இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் கிழியும். முழு சிலிண்டரையே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் 'டிவிஎஸ் கிர்லிங்' போன்ற தெரிந்த பிராண்டை பில்லோடு வாங்குங்கள்.

காத்து எடுப்பதுதான் பெரிய வேலை

பலர் கோட்டைவிடும் இடம் இது. புது சிலிண்டரை மாட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்து, இரண்டு குழாய்களை அதன் டப்பாவுக்குள்ளேயே திருப்பி விட்டு, குமிழி நிற்கும் வரை பிஸ்டனை மெதுவாக அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் பிறகு எத்தனை முறை மிதித்தாலும் மிதி பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

மாட்டிய பிறகு இரண்டு பேர் வேண்டும். இன்ஜின் ஆஃப்பில் இருக்கணும். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் உள்ள நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடணும். மூடிய பிறகே மிதியிலிருந்து காலை எடுக்கணும். மாறி நடந்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருந்தால் குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் என்பதால், பொதுவாகத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்குவார்கள். உங்கள் வண்டிப் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. இடையிடையே டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் காற்றை முழுசா எடுக்க ஸ்கேனர் கருவி தேவை. அவற்றை வொர்க்ஷாப்புக்கு விட்டுவிடலாம்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஆன் செய்யாமல் நாலைந்து முறை மிதித்துவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிதி இறங்கக் கூடாது. அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் லேசாக இறங்கி நிற்கும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டாம். தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் வண்டியை ரோட்டில் ஏற்றாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.