முட்டை தீர்ந்துபோவது யாருடைய தலையெழுத்து?

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "எம் மருமவளுக்கு முப்பத்தொரு வயசு தம்பி. முட்டை தீந்துபோச்சுன்றாங்க டவுன்ல. ஜீன் கோளாறாம். மடவை வருசா வருசம் சினை வைக்குது, பொம்பளைக்கு மட்டும் எப்படித் தீரும்?" மகனுக்கு இரண்டாவது பெண் பார்க்கச் சொல்லி ஊரில் பேச்சு.

ஊர் 'மலடி' என்கிறது. மருத்துவமனை 'ஜீன்' என்கிறது. இரண்டு சொல்லாடல்களும் பழியைப் பெண்ணுடம்புக்குள்ளேயே வைத்துப் பூட்டுகின்றன. இந்தப் பூட்டை அறிவியலைக் கொண்டே திறக்க முடியும் என்பது என் கட்சி.

மீனின் சூலகம் புதிய முட்டைச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பெண்ணுக்கு அப்படியில்லை. ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அவளிடம் 60, 70 லட்சம் முட்டைச் செல்கள். பிறக்கையில் 10 முதல் 20 லட்சம். பூப்படைகையில் 3, 4 லட்சம். ஆயுளில் முதிர்ந்து வெளிவருபவை 400, 500தான். மிச்சமெல்லாம் சாகின்றன. பெரும்பாலும் நோயினால் அல்ல, செல்லுக்குள்ளிருந்தே பிறக்கும் கட்டளையால்.

கெர், வைலி, கர்ரி ஆகிய மூவர் 1972இல் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டார்கள். இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவொன்றில் உருவாகும் 1,090 உடற்செல்களில் சரியாக 131 செத்துப்போகின்றன. அந்தச் சாவை நடத்தும் ஜீன்களைக் கண்டுபிடித்த ஹார்விட்ஸுக்கு பிரென்னர், சல்ஸ்டன் இருவரோடும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கும் கருவில் விரலிடைச் சவ்வு செத்தால்தான் கை கையாகிறது. சாக மறுக்கும் செல் புற்றாகிறது. வாழ்வு/சாவு என்ற இருமை எதிர்வு இங்கே செல்லாது.

சாவைத் தூண்டும் 'பாக்ஸ்', தடுக்கும் 'பிசிஎல்-2' போன்ற ஜீன்களுக்கு இடையிலான சமநிலைதான் ஒரு திசு பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. பாக்ஸ் நீக்கப்பட்ட எலிகளில் ஆண் மலடானது (1995). விந்துச் செல்களில் ஒரு பகுதி செத்தால்தான் மீதி ஒழுங்காக முதிரும். பெண் எலிக்கோ, கிழவயதிலும் முட்டைகள் மிஞ்சின (1999). ஒரே ஜீன், இரண்டு விளைவுகள். ஆக, 'நல்ல ஜீன், கெட்ட ஜீன்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது: இந்த ஜீனை முடுக்குவது எது? 2001இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் எனும் வேதிப்பொருள்கள் முட்டைச் செல்லில் உள்ள ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு பாக்ஸை முடுக்கிவிடுகின்றன, முட்டைகள் சாகின்றன. பாக்ஸ் இல்லாத எலிகள் தப்பின. எலியுடம்பில் ஒட்டவைத்த மனிதச் சூலகத் திசுவிலும் முட்டைகள் அதே வழியில் செத்தன. இந்த வேதிப்பொருள்கள் புகையிலைப் புகையில் உண்டு, தாரில் உண்டு, கப்பல் எரியெண்ணெயில் உண்டு. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டு முன்னதாகவே நின்றுவிடுகிறது.

அந்த மருமகளின் தாய்வீடு தெற்கே எண்ணூர்ப் பக்கம். 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரைக்கு வந்ததை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்தது. அப்போதும் மீனவர்கள் கையால் அள்ளினார்கள்.

இந்த எண்ணெய்தான் அவள் சூலகத்தைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. தனியொருத்தியின் உடம்பை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பிறவியிலேயே அமைந்த ஜீன் மாற்றமும் காரணமாகலாம். உடல் தன்னையே தாக்கும் நோயும் காரணமாகலாம். ஆனால் 'ஜீன்' என்ற ஒற்றைச் சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்வது அறிவியல் ஆகாது. காற்றும் நீரும் உழைப்பும் வந்து முடுக்கும் இடங்களில் ஒன்று ஜீன். 2023 கசிவுக்குப் பிறகு குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று நிவாரணம் கணக்கிட்டார்கள். பெண்களின் சூலகத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் அந்த அம்மாவுக்கு முடிந்தவரை சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் கருவாட்டைப் புரட்டிப் போட்டார். பிறகு சொன்னார்: "அப்போ அவ மேல தப்பில்ல. இதெ எம் புள்ளகிட்ட வந்து சொல்லு தம்பி."

போனேன்.